இனிஷியல் இல்லாத பிரம்மநாயகம்

கனகவள்ளி தன் புருஷன் பெயரை வாயால் சொன்னதே கிடையாது. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று கல்யாணத்தன்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் செத்து வருஷங்களாகி, குறைவதற்கு ஆயுசே இல்லை என்றான பிறகும் அவள் சொல்லவில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். பம்பாயில் சயான் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவன் விடாமல் கேட்டபோது, பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளைத் தட்டி, "பள்ளிக்கூடத்து வாத்தியாரய்யா பேருதாம்மா இவுகளுக்கும். நீ கொஞ்சம் சொல்லேன்" என்றாள். அந்தப் பெண்ணும் தாராவிக்காரிதான். "பிரம்மநாயகம்" என்று சொல்லிவிட்டுத் தன் வரிசைக்குத் திரும்பினாள்.

இந்த வசதி கனகவள்ளிக்கு எப்போதும் இருந்தது. அவர்கள் இருந்த சாலில், அந்த வரிசைவீட்டுக் குடியிருப்பில், கல்லெறிந்தால் ஒரு பிரம்மநாயகம் மேல் விழும். ஒரு மகனுக்காவது தாத்தா பெயரை வைத்தே தீருவார்கள். தாத்தாவுக்கு நாலு பிள்ளைகள் என்றால் நாலு வீட்டிலும் ஒரு பிரம்மநாயகம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரே ரயிலில் ஏறி, ஒரே சந்தில் குடியேறி, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த கூட்டம் அது. ஆளைப் பிரித்துச் சொல்ல, பெயருக்கு முன்னால் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்படி நாலு பேர் நிலைத்தார்கள்.

முதலில் தோல் பிரம்மநாயகம். வெள்ளைக்காரன் காலத்து ஆள். தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி வேலை பார்த்தவர். தொட்டியில் நின்றவர்கள் எல்லாருக்கும் விரல் வெந்துபோயிருந்தது. கையுறை கேட்டார்கள், முதலாளி சிரித்தான். அடுத்த நாள் மத்தியானம் தோல் பிரம்மநாயகம் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு முதலாளி வீட்டு வாசலுக்குப் போனார். தட்டுகளைத் தரையில் வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லாரும் குனிந்து வாயாலேயே சோறு தின்றார்கள். முதலாளி வீட்டுப் பெண்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். வாரம் முடிவதற்குள் கையுறை வந்தது.

அடுத்தவர் வாத்தியார் பிரம்மநாயகம். முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் அவரிடம் அடி வாங்காத ஆள் அந்தத் தலைமுறையில் இல்லை. மதராசிகளை ஊரைவிட்டு விரட்டு என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டிருந்த வருஷங்களில், மற்ற வகுப்புகள் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தன. அவர் ஜன்னலை விரியத் திறந்துவைத்து, ரோட்டுக்குக் கேட்கும் குரலில் வருகைப் பதிவு எடுத்தார். தமிழ்ப் பெயர்களை ஒவ்வொன்றாக, முழுசாக. ஒரு கல் வந்து கரும்பலகையில் விழுந்தது. அவர் அடுத்த பெயரைப் படித்தார்.

மூன்றாவது கபடி பிரம்மநாயகம். ஒரு மில் அணிக்கு ஆடியவர். முட்டி உடைந்த காலோடு பாடிப்போய், எதிரணியில் பாதிப் பேரைத் தொட்டுவிட்டுத் தவழ்ந்து கோட்டுக்குத் திரும்பியவர். அதோடு ஆட்டம் போயிற்று, கோப்பை வந்தது. அது அவர் அண்ணன் மகன் தங்கபாண்டியின் மளிகைக் கடையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொங்கலன்று அதில்தான் பால்.

நாலாவது ஆள் கனகவள்ளியின் புருஷன். அவரைச் சுடுகாட்டுப் பிரம்மநாயகம் என்றார்கள்.

பிழைப்புக்கு அவர் பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தார். பெயர் வந்தது வேறு வேலையில். அந்தச் சாலில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மேல் கோலிக்கு, மாடி அறைக்கு, இரும்பு ஏணிதான். உயிரோடு இருக்கிறவன் எப்படியாவது ஏறி இறங்கிவிடுவான். செத்தவனை இறக்குவது எப்படி? பாடை அந்தச் சந்துக்குள் நுழையாது, நுழைந்தாலும் மூலையில் திரும்பாது. பிரம்மநாயகம் பிணத்தைத் தன் முதுகோடு வேட்டியால் கட்டிக்கொள்வார். செத்தவர் தலை இவர் தோளில் சாய்ந்திருக்கும். பின்பக்கமாக ஏணியில் இறங்கி, பக்கவாட்டில் நடந்து, தொண்ணூறு அடி ரோட்டில் காத்திருக்கும் பாடையில் கிடத்துவார். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வருவார். "மெதுவா, அண்ணாச்சி. இந்தா, குழாயடி வந்துட்டு. இன்னும் ஒரு வளைவுதான்." கூலி வாங்கியதில்லை. குளித்துவிட்டுக் கொட்டகைக்குப் போவார்.

கல்யாணத்துக்கு அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்தால் சொந்த வீட்டுச் சாவு ஞாபகம் வருகிறது என்றார்கள். வளைகாப்பு நடக்கிற வீட்டைத் தாண்டும்போது அவரே தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போய்விடுவார். அவர் மகள் பொன்செல்விக்கு அது சின்ன வயதிலேயே புரிந்தது. புரிந்ததை அவள் மறக்கவில்லை.

பொன்செல்விக்கு இப்போது நாற்பது நெருங்குகிறது. செம்பூரில் ஒரு எக்ஸ்ரே சென்டரின் கவுண்டரில் உட்கார்ந்து, நாள் முழுக்கப் பெயர்களைக் கூப்பிடுவது அவள் வேலை. ஒரே பெயரில் இரண்டு பேர் எழுந்தால் இனிஷியல் கேட்டு ஒருவரை உட்காரச் சொல்வாள். புதுக் கட்டடத்துக்காகச் சால் இடிபட்டு, எல்லாரும் பில்டர் கொடுத்த தகரக் கொட்டகையில் வருஷக்கணக்கில் வெந்துகொண்டிருந்த காலத்தில், குடியிருப்பவர்களின் சொசைட்டிக்குச் செக்ரட்டரியாக அவளைப் பிடித்துப் போட்டார்கள். ஆபீஸ் இங்கிலீஷ் தெரியும், யாருக்கும் பயப்பட மாட்டாள் என்பதால். புதுக் கட்டடத்தின் பிளானைக் காட்டியபோது மற்றவர்கள் பால்கனி இருக்கிறதா என்று கேட்டார்கள். அவள் மாடிப்படி வளைவில் விரலை வைத்து, "இதுல ஒரு பாட திரும்புமா?" என்று கேட்டாள். அஸ்திவாரம் போடுமுன்னே சாவைப் பற்றிப் பேசுகிறாள் என்று திட்டினார்கள். அவள் விடவில்லை. வளைவை அகலமாக்க வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

கட்டடம் எழும்பியது. பெயர்தான் எழும்பவில்லை.

அம்மன் பெயர் வைக்கலாம் என்றார்கள். மூன்றாம் மாடி ஜெபா குடும்பமும் அவர்கள் சபைக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலுக்குப் போகிறவர்கள், அம்மன் நகரில் எங்களுக்கு என்ன வேலை என்றார்கள். தலைவர் பெயர் என்றதும், எந்தக் கட்சித் தலைவர் என்பதில் நாற்காலி பறந்தது. பில்டர் ஆபீஸிலிருந்து வரும் நாணு, பாலக்காட்டு வம்சம், செம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒவ்வொரு மீட்டிங்குக்கும் வந்து மூலையில் உட்கார்ந்து மணி பார்ப்பார். பேர் கொடுக்காவிட்டால் ஆபீஸே 'ராயல் பெட்டல்ஸ்' என்று வைத்துவிடும் என்று அவர் சொன்னபோது, யாரோ பின்னாலிருந்து, எங்க மூஞ்சிக்கு அது பொருந்துமா என்று கேட்டார்கள்.

அப்போதுதான் பொன்செல்வி எழுந்து, சாமியும் வேண்டாம், தலைவரும் வேண்டாம், நம் சாலில் வாழ்ந்த ஆள் பெயரை வைப்போம் என்றாள். "பிரம்மநாயகம் சொசைட்டின்னு வைப்போம்."

உடனே கைதட்டல். வாத்தியாரின் மகன் சிவகுருநாதன், பேங்க்கில் இருந்து ரிட்டையர் ஆனவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோல் பிரம்மநாயகத்தின் பேரன் சபா, தோல் பை கடையில் சேல்ஸ்மேன், எழுந்து நின்று தட்டினான். சேர்மன் தங்கபாண்டி சித்தப்பாவின் கோப்பையை நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். எல்லாரும் ஒரே பெயருக்கு, ஒரே மனதாக. சொசைட்டி வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை. நடந்தது என்ன என்பது பொன்செல்விக்கு மட்டும் தெரியும். நாலாவது ஆளுக்காகத்தான் அவள் அந்தப் பெயரைச் சொன்னாள். மற்ற மூன்று பேரின் தோளில் ஏற்றித் தன் அப்பாவை உள்ளே கொண்டுவந்துவிட்டாள். வீட்டுக்குப் போகிற வழியில் சந்தோஷமாகத்தான் இருந்தது. தகரக் கொட்டகைக்குள் நுழையும்போது சந்தோஷம் கொஞ்சம் புளித்தது. திருட்டு ரயிலில் ஏற்றியது மாதிரி இருந்தது.

வாசலில் பதிக்கும் கல்லுக்கு எழுத்துக் கேட்டபோது விஷயம் உடைந்தது. கல் வெட்டுகிறவன் இனிஷியல் என்ன என்று கேட்டான். சிவகுருநாதன் ஒரு எழுத்தைச் சொன்னார், சபா வேறு எழுத்தைச் சொன்னான், தங்கபாண்டி கோப்பையையே கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கையோடு போட்டோக்களும் வந்தன. வாசலில் போட்டோ மாட்ட ஒரு சுவர்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடினார்கள். புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பெயின்ட் வாசனைக்கு நடுவில். கனகவள்ளியும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கல் வெட்டுகிறவன் வாசலோரம் காத்திருந்தான். முதலில் எல்லாரும் தங்கள் தங்கள் பிரம்மநாயகத்தைச் சொன்னார்கள். சபா தாத்தா சோறு தின்ற கதையைச் சொன்னபோது கூட்டம் அடங்கிக் கேட்டது. சிவகுருநாதன் கரும்பலகையில் விழுந்த அந்தக் கல் இன்னும் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். தங்கபாண்டி கோப்பையைத் தூக்கிக் காட்டினார். மூன்றும் பெருமைக்குரிய கதைகள்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதனால்தான் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜெபா தன் பெரிய உடம்பை நாற்காலியில் திருப்பி, பொன்செல்வியிடம் நீ யாரைட்டி நினைச்சுச் சொன்ன என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். அதற்குப் பதில் வருமுன்னே தங்கபாண்டிக்குப் பொறி தட்டிவிட்டது. மளிகைக்கடைக்காரர், எடை பார்த்துப் பழகியவர்.

"ஏட்டி, நில்லு. ஒங்க அப்பா பேரும் அதான?" என்றார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"நைசா உள்ள நொழைச்சிட்ட பாத்தியா. பொணம் தூக்குன பேர வாசல்ல எழுதிட்டு, இந்த பில்டிங்ல எவன் பொண்ணு குடுப்பான், எவன் பொண்ணு எடுப்பான்?"

சிலர் சிரித்தார்கள். சிலர் அட ஆமாம் என்று முணுமுணுத்தார்கள். பின்வரிசையில் கனகவள்ளி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

தங்கபாண்டி கெட்டவர் இல்லை. சண்டையை வளர்க்க அவருக்கும் விருப்பமில்லை. குரலைத் தணித்து ஒரு வழி சொன்னார். "லஃப்டா வேண்டாம். ஒங்க அப்பா இல்லன்னு ஒரு வார்த்த எல்லாருக்கும் முன்னால சொல்லிரு. பேரு அப்படியே நிக்கட்டும். நாங்க மூணு பேரும் எங்களுக்குள்ள பேசித் தீத்துக்கிடுதோம்."

நல்ல வழிதான். சொல்லிவிட்டால் பெயர் கல்லில் ஏறும். உள்ளுக்குள் யாரை நினைத்துக்கொள்கிறாள் என்று யாரும் வந்து திறந்து பார்க்கப்போவதில்லை. சொல்லாவிட்டால் பெயரே போகும், ராயல் பெட்டல்ஸ் வரும். நாணு மூலையில் பேனாவின் மூடியைத் திறந்துவைத்திருந்தார். "இன்னிக்கே பேர் கெடைச்சாகணும் எனக்கு" என்று அவர் பொதுவாகச் சொன்னார்.

பொன்செல்வி ஒரு தடவை அம்மாவைப் பார்த்தாள். கனகவள்ளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்பா வளைகாப்பு வீட்டைத் தாண்டும்போது பார்த்த மாதிரி.

"எங்க அப்பாவும்தான்" என்றாள் பொன்செல்வி. "மத்த மூணு பேரும் பெரிய ஆளுக. எங்க அப்பாவும் பெரிய ஆளு. இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப பேரு இல்ல" என்றார் தங்கபாண்டி.

"சரி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அண்ணாச்சி. ஒங்க அப்பாவ, பெரிய அண்ணாச்சிய, எந்த வழியா ரோட்டுக்குக் கொண்டுவந்தாவ?"

தங்கபாண்டியின் அப்பா மூட்டை மாதிரி இருப்பார். மேல் கோலியில், மழைக்காலத்தில், நெஞ்சடைத்துச் செத்தார். அன்று சந்தில் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர். தீயணைப்புக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, கூரையைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். சொந்தக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். பிளாஸ்டிக் கொட்டகைக்கு ஆள் போயிற்று. பிரம்மநாயகம் வந்தார். ஒல்லியான மனிதர். இரண்டு வேட்டியை முறுக்கிக் கட்டிக்கொண்டார். ஏணியின் ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். கீழே நின்று அப்பாவின் பாதங்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டவர் தங்கபாண்டி. அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட அப்பா மேல் படவில்லை. ஒரு கை, கால் சுவரில் உரசவில்லை. ரோட்டுக்கு வந்ததும் பிரம்மநாயகம் பாடைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு விழுந்தார். அதற்குப் பிறகு அவர் முதுகு முழுசாக நிமிரவே இல்லை.

இதையெல்லாம் பொன்செல்வி சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் அன்று அந்தத் தண்ணீரில் நின்றவர்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு ஏணி இருந்தது.

தங்கபாண்டி கோப்பையைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு ஒங்க அப்பா எங்க வீட்டுல ஒரு வாய் டீ கூட குடிக்கல" என்றார்.

"நீங்க குடுக்கல, அண்ணாச்சி."

"சாவு வீட்டுல எப்படிக் குடுக்க?"

"அதுக்குப் பொறவும் குடுக்கல."

ஜெபா தொண்டையைச் செருமினாள். தங்கபாண்டி மெல்லத் தலையை ஆட்டினார்.

"குடுக்கலதான்" என்றார்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்து, கல் வெட்டுகிறவன் பக்கம் திரும்பி, இனிஷியல் கிடையாது, பெயர் மட்டும் வெட்டு என்று சொன்னார். போட்டோவும் வேண்டாம், எவன் போட்டோவும் வேண்டாம். சிவகுருநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தன் கையிலிருந்த போட்டோவைப் பார்த்தார். வாத்தியாரையும் இறக்கியது பொன்செல்வியின் அப்பாதான். வழியெல்லாம் "சார், தல குனிஞ்சுக்கோங்க, தகரம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு போனதைச் சிவகுருநாதன் பின்னாலேயே நடந்து கேட்டிருக்கிறார். போட்டோவைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சபா, தாத்தாவுக்கு இனிஷியல் எழுதவே தெரியாது என்று சொன்னான். அதற்கு எல்லாரும் சிரித்தார்கள், அளவுக்கு மீறியே சிரித்தார்கள்.

நாணு எழுதிக்கொண்டார். "யாராக்கும் இந்த பிரம்மநாயகம்?" என்று கேட்டார். ஆபீஸில் கேட்பார்களாம்.

"எங்க ஆளு" என்றார் தங்கபாண்டி.

கருங்கல்லில் வெட்டிப் பதித்தார்கள். மேலே மராத்தி, நடுவில் தமிழ், கீழே இங்கிலீஷ். திறப்பு அன்று தங்கபாண்டி கடையிலிருந்து ஆளுயர டிரம்மில் டீ வந்தது. முதல் கிளாஸை அவரே எடுத்துக்கொண்டு பின்வரிசைக்கு நடந்துபோய்க் கனகவள்ளியிடம் நீட்டினார். அவள் வாங்கி, சூடு ஆறுமுன்னே குடித்தாள். பொன்செல்வி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. முதுகு தானாக நிமிர்ந்து நின்றது, அது அவளுக்கே தெரிந்தது.

குடியேறிய பிறகு ஒரு சிக்கல் வந்தது. கனகவள்ளியால் தன் விலாசத்தைச் சொல்ல முடியவில்லை. அவள் மட்டுமில்லை, தங்கபாண்டியின் வீட்டுக்காரிக்குச் சின்ன மாமனார் பெயர், சிவகுருநாதன் மனைவிக்குச் சொந்த மாமனார் பெயர். ஆட்டோவில் ஏறினால், தொண்ணூறு அடி ரோடு புது பில்டிங், கல்லு வச்ச பில்டிங் என்று சுற்றி வளைத்தார்கள். ஆட்டோக்காரர்கள் பைத்தியம் பிடித்துப்போனார்கள். இதற்கு ராயல் பெட்டல்ஸே தேவலை என்று ஜெபா கேலி செய்தாள்.

ஒரு வேலைநாள் காலை. பொன்செல்வி செம்பூருக்குக் கிளம்பத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கேஸ் சிலிண்டர்காரன். போனை எடுத்த கனகவள்ளி வழக்கம்போல மகளிடம் நீட்டினாள். பொன்செல்வியின் வாயில் ஹேர்பின், கையில் பாதிப் பின்னல். இரு என்று கண்ணால் சொன்னாள். எந்த பில்டிங், பேரைச் சொல்லு என்று இந்தியில் அவன் கத்துவது போனிலிருந்து கேட்டது.

"கௌன்சா பில்டிங், மாவுசி? நாம் போலோ!"

கனகவள்ளி போனைக் காதில் வைத்தாள். பிறகு கல்லில் எழுதியிருப்பதைப் படிக்கிறவள் மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னாள்.

"பிரம்மநாயகம்."

"க்யா?"

"பிரம்மநாயகம்" என்றாள் மறுபடியும். இந்த முறை எதிர் வீட்டுக்குக் கேட்டது. "பிரம்மநாயகம் சொசைட்டி. எங்க வீட்டுக்காரவுக பேரு. கேட்டுக்கிட்டு வா."

கடைசியில் சொன்னது தமிழ். அந்த பீகார்க்காரனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் வந்தான். சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு, அகலமான அந்தப் படி வளைவில் எங்கும் இடிக்காமல் திரும்பி, மேலே ஏறி வந்தான்.